இடப்பக்கம் ஓடும் வண்டி

எங்கள் ஊரான சுந்தரபாண்டியபுரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. தென்காசிக்குப் பேருந்தில் போய்த்தான் வண்டி ஏற வேண்டும். சாரல் காலத்தில் சூரியகாந்தி பூக்கும்போது கேரளத்திலிருந்து கார்களில் கூட்டம் வரும். வரப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடும். வெளியுலகம் எங்கள் ஊரை அறிந்தது பெரும்பாலும் திரைப்படங்களின் வழியாகத்தான். 1992இல் வெளிவந்த மணிரத்னத்தின் ‘ரோஜா’வில் கதாநாயகி சுந்தரபாண்டியபுரத்துப் பெண். கணவனோடு காஷ்மீருக்குப் போகிறாள். அங்கே அவன் கடத்தப்பட்டபின் மொழி தெரியாத ஊரில் தனியாக நிற்கிறாள். அவள் பேசுவது அங்குள்ளவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் பேசுவது அவளுக்குப் புரியவில்லை. படத்தின் அரசியல் குறித்து எத்தனையோ விவாதங்கள் நடந்துவிட்டன. என் மனத்தில் தங்கியது அந்தப் பெண் நின்ற நிலைதான்.

அந்தப் படம் வந்த ஆண்டில் பிறந்த மாணவர் ஒருவர், பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் என்னிடம் படித்தவர், வேதியியலில் முனைவர் பட்டம் முடித்து மேலாய்வுக்காகக் கொரியத் தலைநகர் சியோலுக்குப் போனார். போன முதல் ஞாயிற்றுக்கிழமை ஊரைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறார். துணைக்கு ஆளில்லை, மொழியும் இல்லை. சுரங்க ரயிலில் ஏறி, இறங்கி, மீண்டும் ஏறி நாள் முழுவதும் சுற்றியிருக்கிறார். இரவு கைப்பேசியில் ஒரு குரல் செய்தி வந்தது. “ஐயா, இங்க ஒண்ணாம் நம்பர் வண்டி நம்ம ஊர் மாதிரி இடப்பக்கமா ஓடுது. ரெண்டாம் நம்பர் வண்டி வலப்பக்கமா ஓடுது. ஏன்னு நாலு பேர்ட்ட கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியலை.”

அவருடைய கேள்விக்கு விடை தேடப் போய் நான் வேறு பலவற்றையும் படிக்க நேர்ந்தது. இக்கட்டுரை அந்தத் தேடலின் பயன்.

*

கொரியா என்றதும் நம்மவர்கள் உடனே எடுத்துக்கொள்ளும் பேச்சு ஒன்றுண்டு. ‘அம்மா’, ‘அப்பா’ என்ற சொற்கள் ஏறத்தாழ அப்படியே அங்கே இருக்கின்றன என்பார்கள். 1905இலேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூல் வெளியிட்டார் என்பது உண்மை. 13ஆம் நூற்றாண்டின் ‘சம்குக் யூசா’, அயுத்தா என்ற நாட்டிலிருந்து கடல்வழி வந்து சுரோ மன்னனை மணந்த அரசகுமாரியைப் பற்றிச் சொல்கிறது. புசானிலிருந்து கிம்ஹே செல்லும், 2011இல் தொடங்கிய இலகு ரயிலில் அந்த மன்னன் கல்லறையின் பெயரிலேயே ஒரு நிலையம் உண்டு. அந்த அயுத்தா அயோத்தியா, தென்னாடா என்று இணையத்தில் சண்டை ஓய்வதில்லை. மரபுக்கதையை மரபுக்கதையாகப் படிப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு நகரத்தில் புதிதாகப் போய் இறங்கியவனுக்கு ஈராயிரம் ஆண்டுப் பழைய உறவு வழிகாட்டாது. அவனுக்கு வேண்டியது எந்தப் பக்கம் நின்றால் எந்த வண்டி வரும் என்ற செய்தி.

இனி இடம் வலம் பற்றிய கேள்விக்கு வருவோம்.

கொரியாவின் முதல் ரயில் பாதை 1899இல், சியோலை அடுத்த நோரியாங்ஜினிலிருந்து இஞ்சியோன் துறைமுகப் பகுதி வரை ஓடியது. அமெரிக்கர் ஒருவர் பெற்றிருந்த உரிமையை வாங்கி அதை முடித்தவர்கள் ஜப்பானியர். சியோலையும் புசானையும் இணைக்கும் நெடும்பாதையும் அவர்கள் போட்டதே; அது 1905 ஜனவரி 1ஆம் நாள் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஜப்பானியர் தம் ரயிலை 1872இல் ஆங்கிலேயப் பொறியாளர்களின் துணையோடு தொடங்கியவர்கள். ஆங்கிலேயர் முறைப்படி வண்டி இடப்பக்கம் ஓடும். அதையே கொரியாவிலும் வைத்தார்கள்.

இதைப் படித்தபோது எங்கள் பாதையின் நினைவு வந்தது. கொல்லத்தையும் நெல்லைச் சீமையையும் இணைக்க மலையைக் குடைந்து போட்ட பாதையில், புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கியது 1904 நவம்பர் 26ஆம் நாள். இரண்டு திறப்புகளுக்கும் இடையில் ஐந்து வாரங்கள்தான். ஆரியங்காவுச் சுரங்கத்துக்குள் வண்டி நுழையும்போது கூச்சல் போடும் பிள்ளைகளுக்குக் கொரியா என்றொரு நாடு இருப்பதே தெரிந்திருக்காது. ஆயினும் இரண்டு பாதைகளுக்கும் ஒரே பள்ளிதான் இலக்கணம் வகுத்தது.

1945இல் ஜப்பானிய ஆட்சி முடிந்தது. தெற்கே அமெரிக்க இராணுவ நிர்வாகம் வந்தது. 1946இல் சாலைப் போக்குவரத்து வலப்பக்கத்துக்கு மாற்றப்பட்டது. ரயிலை மாற்றவில்லை. 1974இல் சியோலின் முதல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபோது அது பழைய ரயில் பாதைகளோடு இணைந்து ஓடவேண்டியிருந்ததால் இடப்பக்கமே ஓடியது. பின்னர் வந்த இரண்டாம் பாதை தனித்து ஓடுவது. அது சாலையின் வழக்கப்படி வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டது. நான்காம் பாதையில் இன்னும் விந்தை. நகரத்துக்குள் வலப்பக்கம் ஓடும் வண்டி, தெற்கே நம்தேரியோங், சொன்பாவி என்ற இரு நிலையங்களுக்கிடையே, தரைக்கடியில் சுரங்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட, இடப்பக்கத்துக்கு மாறுகிறது. மின்சார முறையும் அதே இடத்தில் மாறுகிறது. பயணிகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடியில் இரண்டு பேரரசுகளின் பழக்கங்கள் இடம் மாறிக்கொள்கின்றன.

மாணவருக்கு இதை எழுதி அனுப்பினேன். “ஒரு ஊரோட வரலாறு தண்டவாளத்துல கெடக்கு ஐயா” என்று பதில் வந்தது. அதன்பின் அவர் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு நிலையத்தின் பெயரை அனுப்புவார். நான் அந்த இடத்தைப் பற்றித் தேடிப் படிப்பேன். தென்காசியைத் தாண்டாமலே ஒரு நகரத்தைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

*

முதல் பாதை திறக்கப்பட்ட நாள் 1974 ஆகஸ்ட் 15. நமக்கும் அவர்களுக்கும் அதுவே விடுதலை நாள். சியோல் நிலையத்திலிருந்து சொங்ன்யாங்னி வரை 7.8 கிலோமீட்டர், 9 நிலையங்கள். அன்று காலை தேசிய அரங்கில் நடந்த விழாவில் அதிபர் பாக் சுங்-ஹீயைக் குறிவைத்துச் சுட்டார் ஜப்பானில் பிறந்த கொரியர் ஒருவர். அதிபரின் மனைவி யுக் யோங்-சூ குண்டுபட்டு இறந்தார். அதிபர் இல்லாமலே சுரங்க ரயில் திறப்பு விழா நடந்தது.

இந்தப் பாதை யாருக்காகப் போடப்பட்டது என்று பார்த்தால், அதுவும் புதிதாக வந்தவர்களுக்காகத்தான். 1960இல் சியோலின் மக்கள்தொகை ஏறத்தாழ 24 லட்சம். 1970இல் அது 54 லட்சத்தைக் கடந்தது. 1988இல் ஒரு கோடியைத் தொட்டது. பிறந்து பெருகியவர்கள் மட்டுமல்லர் இவர்கள். நெல்வயலை விட்டு மூட்டையோடு வந்து சியோல் நிலையத்தில் இறங்கிய பெண்களும் இளைஞர்களும் இதில் பெரும்பகுதியினர். நம் பக்கத்திலிருந்து எழும்பூரில் இறங்கிய தலைமுறையை நினைத்துக்கொண்டால் போதும்.

முதல் பாதையில் ஜோங்னோ 5-கா, தொங்தேமுன் என்ற இரு நிலையங்களுக்கு அருகே ஓர் ஓடைக்கரையில் துணிச்சந்தை இருக்கிறது. அங்கே தையல் வேலை செய்த ஜியோன் தே-இல் என்ற 22 வயது இளைஞர், தொழிலாளர் சட்டத்தைக் கடைப்பிடிக்கக் கோரி 1970 நவம்பர் 13ஆம் நாள் தீக்குளித்து இறந்தார். அவரோடு வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்த சிறுமியர். அந்தத் துணிச்சந்தைக்கு அருகிலேதான் நான்காண்டுகள் கழித்துப் புத்தம்புதிய சுரங்க ரயில் ஓடியது.

இரண்டாம் பாதை ஒரு வட்டம். 1984இல் முழுமை பெற்றது. 48.8 கிலோமீட்டர். ஏறிய இடத்துக்கே வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதில் குரோ டிஜிட்டல் டான்ஜி என்று ஒரு நிலையம் உண்டு. 2004 வரை அதன் பெயர் குரோ தொழிற்பேட்டை. 1960களில் ஏற்றுமதிக்கெனத் தொடங்கப்பட்ட பேட்டை அது; துணியும் தலைமுடிச் சவுரியும் மின்னணுக் கருவிகளும் அங்கே உருவாயின. 1985 ஜூனில் பல ஆலைத் தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்து செய்த வேலைநிறுத்தம் கொரியத் தொழிலாளர் வரலாற்றில் ஒரு திருப்பம். நாவலாசிரியர் ஷின் கியூங்-சூக் பதின்வயதில் கிராமத்திலிருந்து வந்து இங்கே ஆலையில் வேலை செய்துகொண்டே இரவுப் பள்ளியில் படித்தவர். 1995இல் வெளிவந்த அவருடைய ‘ஒயித்தன் பாங்’ அந்த ஆண்டுகளைப் பற்றியது. ஆலைகள் போய்க் கணினி நிறுவனங்கள் வந்தபின் நிலையத்தின் பெயரிலிருந்து தொழிற்பேட்டை நீங்கியது. அடுத்த நிலையம் தேரிம். சீனத்திலிருந்து கூலி வேலைக்கு வந்த கொரிய வம்சாவளியினர் நிறைந்து வாழும் இடம். முன்பு கிராமத்துப் பெண்கள் செய்த கடின வேலைகளைப் பின்பு இவர்கள் ஏற்றார்கள். இரண்டு தலைமுறைப் புதியவர்களுக்கிடையே இருப்பது ஒரு நிலையத் தூரம்தான்.

*

இலக்கிய நண்பர்கள் அறிந்துகொள்ளவேண்டிய ஒரு படைப்பு இங்கே குறுக்கிடுகிறது. கிம் மின்-கி என்ற பாடலாசிரியர், இயக்குநர் 1994இல் சியோலில் ‘சுரங்க ரயில் முதல் பாதை’ என்ற இசை நாடகத்தை மேடையேற்றினார். இராணுவ ஆட்சிக் காலத்தில் தடைசெய்யப்பட்ட ‘காலைப் பனித்துளி’ பாடலை இயற்றியவர் அவர். இந்நாடகத்தின் மூலம் ஒரு ஜெர்மானிய நாடகம்: 1986இல் மேற்கு பெர்லினின் கிரிப்ஸ் அரங்கம் நடத்திய, ஃபோல்கர் லுட்விக் எழுதிய ‘லீனியே 1’. அதில் ஒரு சிற்றூர்ப் பெண் தன்னைக் காதலித்த பாடகனைத் தேடி பெர்லினுக்கு வந்து சுரங்க ரயிலில் அலைவாள்.

கிம் மின்-கி அந்தப் பெண்ணைச் சீனத்தின் யான்பியன் பகுதியிலிருந்து வரும் கொரிய வம்சாவளிப் பெண்ணாக மாற்றினார். மணப்பதாகச் சொல்லிப் போனவனின் முகவரியோடு விடியற்காலையில் சியோல் நிலையத்தில் வந்திறங்குகிறாள். ஒரு நாள் முழுவதும் முதல் பாதையில் அவள் சந்திப்பவர்கள்தாம் நாடகம்: தெருக்கடைக்காரர்கள், பிச்சைக்காரர்கள், பாலியல் தொழிலாளிகள், வேலை இழந்தவர்கள். தேடிவந்தவன் வாக்குத் தவறியவன் என்பது அவளுக்குத் தெரிகிறது. நகரத்தின் அடித்தட்டும் தெரிகிறது. 2008 இறுதிவரை 4,000 முறை நடந்த நாடகம் இது. அது நடந்த ஹக்சோன் சிற்றரங்கம் 2024 மார்ச்சில் மூடப்பட்டது. கிம் மின்-கி அதே ஆண்டு ஜூலையில் மறைந்தார்.

ஒரு நகரத்தைப் பற்றிய உண்மையைச் சொல்ல அந்நகரத்துக்குப் புதியவளான ஒருத்தியை ரயிலில் ஏற்றிவிட்டால் போதும் என்று இரு நாட்டு நாடகக்காரர்கள் கண்டுகொண்டது யோசிக்கத்தக்கது. ஊர்க்காரன் தான் இறங்கவேண்டிய நிலையத்தை மட்டும் பார்க்கிறான். புதியவனே எல்லா நிலையங்களையும் பார்க்கிறான்.

*

மாணவர் அனுப்பிய செய்திகளில் வியப்பு அதிகம். நிலையத்துக்கெல்லாம் எண் உண்டு: நகர மண்டபம் இரண்டாம் பாதையில் 201, சியோல் நிலையம் முதல் பாதையில் 133. பாதைக்கொரு நிறம்: முதலாவது கருநீலம், இரண்டாவது பச்சை. வெளிவாயிலுக்கும் எண், எங்கே சந்திக்கலாம் என்றால் இத்தனையாம் வாயில் என்பதே விடை. நடைமேடையில் கண்ணாடிக் கதவு. மேலே போக மின்தூக்கி. “எழுதப் படிக்கத் தெரியாதவன்கூடத் தொலைஞ்சு போகமாட்டான் ஐயா” என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அந்த வசதிகள் எப்படி வந்தன என்று தேடியபோது என் வியப்பு வேறு விதமாயிற்று.

மின்தூக்கி. 2001 ஜனவரி 22ஆம் நாள், கொரியப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னதாக, வெளியூரிலிருந்து மகனைப் பார்க்க வந்த முதிய தம்பதியர் ஓயிதோ நிலையத்தில் சக்கர நாற்காலிக்கான தூக்கியில் ஏறினார்கள். இரும்பு வடம் அறுந்து தூக்கி விழுந்தது. மனைவி இறந்தார். அடுத்த மாதம் மாற்றுத்திறனாளிகள் சியோல் நிலையத்தின் தண்டவாளத்தில் இறங்கி மறித்தார்கள். போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2005இல் போக்குவரத்து வசதிச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் வேலை முடியவில்லை என்று 2021 டிசம்பரிலிருந்து அலுவலக நேரத்து வண்டிகளில் சக்கர நாற்காலிகளோடு ஏறிப் போராடினார்கள். தாமதமான பயணிகள் பலர் அவர்களை ஏசினார்கள். விமான நிலையத்திலிருந்து பெரிய பெட்டியோடு வரும் நம் ஆய்வாளர் மின்தூக்கியில் ஏறும்போது ஏறுவது அந்தப் போராட்டத்தின் மேல்.

எரியாத இருக்கை. 2003 பிப்ரவரி 18ஆம் நாள் தேகு நகரத்தின் சுங்காங்னோ நிலையத்தில் ஒருவன் வண்டிக்குத் தீ வைத்தான். எதிர்ப்பக்கம் வந்து நின்ற இரண்டாவது வண்டிக்கும் தீ பரவியது. அதன் ஓட்டுநர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறியதால் கதவுகள் திறக்கவில்லை. 192 பேர் இறந்தார்கள். அதன்பிறகுதான் நாடெங்கும் பெட்டிகளின் உட்புறம் எரியாத பொருளால் மாற்றப்பட்டது.

கண்ணாடிக் கதவு. பயணிகள் தண்டவாளத்தில் விழாமலிருக்க வைத்தது. 2016 மே 28ஆம் நாள் இரண்டாம் பாதையின் குயி நிலையத்தில் அந்தக் கதவைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த 19 வயது ஒப்பந்தத் தொழிலாளி வண்டி மோதி இறந்தான். இருவர் சேர்ந்து செய்யவேண்டிய வேலை. ஆனால் தனியாக அனுப்பப்பட்டிருந்தான். அவனுடைய பையில் கருவிகளோடு, பிரிக்கப்படாத ஒரு கோப்பை நூடுல்ஸ் இருந்தது. அன்று சாப்பிட நேரம் கிடைக்கவில்லை. அவன் இறந்த இடத்துக் கதவில் மக்கள் சிறு சிறு காகிதங்களில் எழுதி ஒட்டினார்கள். 2013இலும் 2015இலும் இதே பாதையில் இதே வேலையில் இருவர் இறந்திருந்தனர்.

வாயில் எண். ஆறாம் பாதையின் இதேவொன் நிலையத்து முதலாம் வாயிலைச் சியோலில் இனி யாரும் வெறும் எண்ணாகச் சொல்ல இயலாது. 2022 அக்டோபர் 29ஆம் நாள் இரவு அதையொட்டிய சந்தில் நெரிசலில் சிக்கியதால் உயிரிழந்தவர்கள் 159 பேர். அவர்களில் 26 பேர் வெளிநாட்டினர். இலங்கை இளைஞர் ஒருவரும் உண்டு. அந்த வாயிலில் மலர் வைத்தார்கள், எழுதி ஒட்டினார்கள். வழி கேட்பவனுக்கு அடையாளமாக இருந்த எண் துக்கத்தின் முகவரியாகவும் ஆனது.

இவற்றையெல்லாம் மாணவருக்கு எழுதலாமா என்று தயங்கினேன். மகிழ்ச்சியோடு ஊர் சுற்றுபவனிடம் இழவுக் கணக்கை எடுத்து வைப்பது முறையா? பிறகு எழுதினேன். ஒரு நகரம் நமக்கு வழிவிடுகிறது என்றால், யாரோ முன்பே மறித்து நின்று அந்த வழியைப் பெற்றிருக்கிறார்கள். நன்றி சொல்லவாவது அவர்களை அறிந்திருக்க வேண்டும். பதில் மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. குயி நிலையத்தில் இறங்கி அந்தக் கதவின் முன் சிறிது நேரம் நின்றதாக எழுதியிருந்தார்.

*

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொரிய எழுத்தான ஹங்குல், மன்னர் செஜோங் காலத்தில் 1446இல் வெளியிடப்பட்டது. மெய்யும் உயிரும் தனித்தனி வடிவம் கொண்டு, ஓரசையாக ஒரு கட்டத்துக்குள் சேர்ந்து நிற்கும். உயிர்மெய்யை அறிந்த தமிழ்ப் பிள்ளைக்கு அதன் தருக்கம் ஒரே வாரத்தில் பிடிபட்டதில் வியப்பில்லை. ஜப்பானிய ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் பள்ளிகளிலிருந்து கொரிய மொழி விலக்கப்பட்டது. மக்கள் தம் பெயரையே ஜப்பானிய முறைக்கு மாற்ற நேர்ந்தது. நகரம் கெய்ஜோ எனப்பட்டது. விடுதலைக்குப்பின் நிலைத்த ‘சியோல்’ என்ற பெயருக்குத் தலைநகரம் என்றே பொருள். அது தூய கொரியச் சொல்.

நிலையப் பலகை வெறும் பலகையல்ல என்பது நமக்குத் தெரியும். 1950களில் திராவிடர் கழகத்தார் ரயில் நிலையங்களில் இந்தி எழுத்தைத் தார்பூசி அழித்ததும், 1953இல் டால்மியாபுரத்தைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரித் தி.மு.க.வினர் போராடியதும் நம் வரலாறு. கொரியர்களுக்கும் அந்தக் காயம் உண்டு. இன்று அவர்களுடைய நிலையப் பலகையில் ஹங்குல் பெரிதாக நிற்கிறது, கீழே ஆங்கிலமும் சீன எழுத்தும், பக்கத்தில் எண். பெரிய நிலையங்களில் அறிவிப்பு ஜப்பானிய மொழியிலும் ஒலிக்கிறது. ஆண்டவனின் மொழியாக வந்தபோது எதிர்த்தார்கள். விருந்தாளியின் மொழியாக வரும்போது ஒலிபெருக்கியைக் கொடுக்கிறார்கள். தன் எழுத்து தலைமேல் நிற்கிறது என்ற உறுதி இருப்பவர்களுக்கு மற்றவனுக்கு வழி சொல்வதில் கூச்சம் இல்லை.

சென்ற மாதம் தென்காசிப் பேருந்து நிலையத்தில் ஒரு இளைஞன் என்னிடம் கைப்பேசியை நீட்டினான். வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவன். திரையில் குற்றாலத்து விடுதி ஒன்றின் பெயர். எதிரே நின்ற பேருந்தின் பலகையில் தமிழ் மட்டுமே இருந்தது; எண்கூட இல்லை. அவன் அதைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். மூன்று பேருந்துகளை விட்டுவிட்டானாம், சைகையில் சொன்னான். ‘ரோஜா’வின் பெண் நின்ற அதே நிலை, இந்த முறை ஊர் நம்முடையது.

தமிழ் நம் பலகையில் முதலில், பெரிதாக, என்றும் இருக்கவேண்டும். தமிழ் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் வேறெதுவும் சொல்லப்போவதில்லை. அதன் பக்கத்தில் ஒரு எண்ணை எழுதுவதற்கு என்ன செலவாகிவிடும் என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன். பையனை அழைத்துப்போய்க் குற்றாலம் வண்டியில் ஏற்றி, நடத்துநரிடம் சொல்லிவிட்டு வந்தேன். சியோலில் என் மாணவருக்கு இதை எழுதியபோது அவர் ஒரு வரிதான் பதில் எழுதினார்: “அவன் எங்கே இறங்கினான் என்று தெரியுமா ஐயா?”

தெரியாது. நான் கேட்டுக்கொள்ளவில்லை.